விண்கலத்துச் சிலுவை

(மாத்தளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் புனைவுத் திரைப்படங்களில் வரும் கிறிஸ்தவச் சின்னங்களைப் பற்றிப் பேச மாத்தளையில் என்ன முகாந்திரம் என்று உங்களில் சிலர் யோசிப்பீர்கள். முகாந்திரம் இந்த மாவட்டத்தின் வடக்கே நிற்கும் சிகிரியாப் பாறையில் இருக்கிறது. 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பரடைஸ்’ நாவலில் அந்தப் பாறைக்கு யக்ககல என்று பெயர் சூட்டினார். சிகிரியா அரசன் காசியப்பன் அதில் காளிதாசன் ஆனான். சிவனொளிபாதமலை ஸ்ரீகந்த ஆனது. தீவையே தெற்கே இழுத்து நிலநடுக்கோட்டில் வைத்துவிட்டு, அந்த மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டினார். தன் உடலை எந்தச் சமயச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்யவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போன மனிதர் அவர். ஆனால் அவருடைய எழுத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சமயம்தான். 1953இல் எழுதிய ஒரு கதையில் திபெத்தியத் துறவிகள் கடவுளின் பெயர்கள் முழுவதையும் கணினியைக்கொண்டு எழுதி முடிக்கிறார்கள். 1955இல் எழுதிய இன்னொன்றில் ஓர் இயேசு சபைத் துறவி, பெத்லகேமின் மேல் ஒளிர்ந்த நட்சத்திரம் ஒரு நாகரிகத்தையே எரித்து அழித்த வெடிப்பு என்று கண்டுபிடித்து உடைந்துபோகிறார். நம்பிக்கையற்றவருக்கு இந்தச் சரக்கு எதற்கு? இந்தக் கேள்வியோடு அவர் பங்கெடுத்த திரைப்படத்துக்குப் போவோம்.

1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் திரைக்கதையைக் குப்ரிக்கும் கிளார்க்கும் சேர்ந்து எழுதினார்கள். அதில் மனிதக் குரங்குகள் ஒரு விடியற்காலையில் கண்விழிக்கும்போது எதிரே வழுவழுப்பான கருங்கல் பலகை ஒன்று நிற்கிறது. அச்சமூட்டும் ஒரு கூட்டுக்குரல் பின்னணியில் எழுகிறது. பலர் அதைப் பேய்களின் முனகல் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது ஹங்கேரியில் கல்வி பெற்ற லிகெட்டி என்ற இசையமைப்பாளர் இறந்தோருக்கான திருப்பலிக்கு அமைத்த இசையின் ஒரு பகுதி. அதில் பாடப்படும் சொற்கள், நம் கோவில்களில் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று மக்கள் சொல்லும் அதே மன்றாட்டு. குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் சொல் காதுக்குத் தெரிவதில்லை. சந்திரனிலும் வியாழனருகிலும் அந்தக் கல் தோன்றும்போது அதே மன்றாட்டு திரும்ப வருகிறது. முதல் தடவை அது ஒலித்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கல்லைத் தொட்ட குரங்கு எலும்பைக் கையிலெடுக்கிறது. முதலில் இரைக்காகக் கொல்கிறது. பிறகு தண்ணீர்க் குட்டைக்காகத் தன் இனத்தையே கொல்கிறது. இரக்கத்துக்கான வேண்டுதல் ஒலித்து முடிந்ததும் மனிதகுலம் கற்கும் முதல் பாடம் கொலை. இதைப் பக்தி என்றும் சொல்லமுடியாது, பழிப்பு என்றும் சொல்லமுடியாது. வேண்டுதல் ஒரு பக்கம், கொலை ஒரு பக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, பார்ப்பவரைத் தொந்தரவு செய்கிறது படம்.

இன்று நான் நிறுவ முயல்வது இதைத்தான். ஒரு விஞ்ஞானப் புனைவுப் படத்தில் சிலுவை வடிவமோ விவிலியப் பெயரோ வந்தால், ‘இது கிறிஸ்தவப் படமா?’ என்று கேட்பதில் பயனில்லை. அந்தச் சின்னம் தன் சொந்தச் சமயத்தில் மனிதரிடம் என்ன கேட்கிறதோ, அதையும் படம் கூட எடுத்து வருகிறதா என்று கேட்கவேண்டும். சிலுவை கேட்பது பகைவருக்கும் இரக்கம், எதிர்ப்பில்லாத தன்னளிப்பு. பெரும்பாலான படங்கள் மீட்பரின் தோற்றத்தை வாங்கிக்கொண்டு இந்தக் கோரிக்கையை வாசலிலேயே விட்டுவிடுகின்றன. கோரிக்கையோடு சேர்த்து எடுத்துவரும் படங்கள் சில. அவற்றில் பலவற்றை எடுத்தவர்கள் நம்பிக்கையாளர்களாகப் பேர் வாங்கியவர்களும் இல்லை.

தோற்றத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வெளிநாடு போகவேண்டாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வழியில் நாலந்தாவில் கெடிகே என்ற கற்கோவில் இருக்கிறது. கருங்கல் மண்டபம், விமானம், கூடு முகப்புகள் எல்லாம் பார்த்தால் மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பியின் கைவண்ணம் என்று சத்தியம் செய்யலாம். வழிபாடோ பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது நீருக்குள் போகாமல் அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். வடிவம் ஒரு மரபு, உள்ளே நடந்தது இன்னொரு மரபு. அதே மாவட்டத்தில், கலேவெலைப் பக்கம் வஹாக்கோட்டை என்ற கத்தோலிக்கக் கிராமம் இருக்கிறது. கண்டி அரசன் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்று அறியப்படும் மக்களின் ஊர் அது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலம் பெயர்பெற்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய நாளில் பிச்சைக்காரர் வேடத்தில் இத்தீவுக்குள் நுழைந்து, 1711இல் கண்டியில் இறந்த புனித யோசப் வாஸ் இந்தக் கண்டி இராச்சியத்துக்குள் சிதறிக்கிடந்த கத்தோலிக்கரைத் தேடித்தேடிப் போனவர். குருவும் இல்லை, பகட்டான கோவிலும் இல்லை என்ற காலத்தில் அந்த மக்களிடம் மிஞ்சியது வாழ்க்கை முறை. வெளித்தோற்றம் மட்டும் இருந்து உள்ளே எதுவும் இல்லாத நிலைக்கு இது நேர் எதிர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு திரைக்குத் திரும்புவோம்.

விஞ்ஞானப் புனைவுப் படத்துக்குச் சமயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. 1927இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ இவ்வகையின் தாய்ப்படங்களில் ஒன்று. அதில் மரியா என்ற பெண் நிலத்தடிக் குகையில், சிலுவைகளின் நடுவே நின்று தொழிலாளருக்குப் பாபேல் கோபுரக் கதையைச் சொல்லிப் பொறுமை கேட்கிறாள். அவள் முகத்தைத் திருடி ஒரு இயந்திரத்துக்கு அணிவிக்கிறான் விஞ்ஞானி. இயந்திர மரியா திருவெளிப்பாட்டில் வரும் பாபிலோன் வேசியாக ஆடி நகரத்தைக் கலகத்தில் தள்ளுகிறாள். ஒரே முகம், உள்ளே மட்டும் வேறு. சின்னத்தின் தோற்றம் களவாடப்படக்கூடியது என்ற எச்சரிக்கை இந்த வகைப் படத்தின் பிறப்பிலேயே இருந்திருக்கிறது.

1951இல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ இந்த விவாதத்துக்கு மிகச் செழிப்பான சான்று. வானத்திலிருந்து கிளாட்டு என்பவன் இறங்கி வருகிறான். மக்களோடு கலந்து வாழ அவன் எடுத்துக்கொள்ளும் பெயர் கார்ப்பெண்டர், அதாவது தச்சன். சமாதானம் பேசுகிறான், காட்டிக்கொடுக்கப்படுகிறான், சுட்டுக் கொல்லப்படுகிறான், உயிர் பெறுகிறான், வானேறுகிறான். திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த், இந்த ஒற்றுமையைத் தானே வேண்டுமென்று ஒளித்துவைத்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். இயக்குநர் ராபர்ட் வைஸ் எடுக்கும்போது இதைக் கவனிக்கவே இல்லையாம். ஆனால் ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகம் கவனித்துவிட்டது. செத்தவனை ஒரு இயந்திரம் எழுப்புவதா என்று ஆட்சேபித்தது. விளைவாக, உயிர் கொடுக்கும் அதிகாரம் எல்லாம்வல்ல ஆவிக்கே உரியது, தனக்குக் கிடைத்தது தற்காலிக உயிர்தான் என்று கிளாட்டு சொல்லும் வசனம் சேர்ந்தது. அந்தப் படத்தின் ஒரே இறையியல் வாக்கியம் தணிக்கைக்காரர் தந்தது! ஆனால் அவர் விட்டுவிட்ட இடத்தைப் பாருங்கள். எழுந்து வந்த கிளாட்டு உலகத்துக்குக் கொடுக்கும் செய்தி என்ன? சண்டையை விண்வெளிக்குக் கொண்டுவந்தீர்களானால் உங்கள் பூமியைச் சாம்பலாக்குவோம் என்பது. தச்சனின் பெயரோடு இறங்கியவன் வல்லரசின் இறுதி எச்சரிக்கையோடு ஏறிப்போகிறான். தணிக்கை அலுவலகத்துக்கு உயிர்த்தெழுதல் உறுத்தியது, மிரட்டல் உறுத்தவில்லை. சின்னத்தின் உரிமையைக் காப்பதில் காட்டிய அக்கறையைச் சின்னத்தின் கோரிக்கையில் அவர்கள் காட்டவில்லை.

இதே தவறை அறிந்தே செய்து அம்பலப்படுத்தியவர் போல் வெர்ஹோவன். 1987இல் வந்த ‘ரோபோகாப்’பில் கை சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட காவலன் இயந்திர உடலில் எழுகிறான்; கடைசிப் பகுதியில் தண்ணீர்மேல் நடப்பதுபோல் வருகிறான், கையில் துப்பாக்கியோடு. தான் காட்டியது அமெரிக்க இயேசுவை என்று வெர்ஹோவனே சொல்லியிருக்கிறார். இவர் வரலாற்று இயேசுவை ஆராய்ந்த அறிஞர் குழாமில் இருந்து, இயேசுவைப் பற்றி நூலும் எழுதியவர். அங்கே கேலி வெளிப்படை. 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ விவகாரம் அப்படியல்ல. அதில் சூப்பர்மேன் 33 வயதில் தேவாலயத்துக்குப் போய்க் குருவிடம் ஆலோசனை கேட்கிறான். அவன் தலைக்குப் பின்னால் கெத்செமனே தோட்டத்து இயேசு கண்ணாடி ஓவியமாகத் தெரிகிறார். விண்கலத்திலிருந்து கை விரித்துச் சிலுவையாக மிதக்கிறான். படத்தை விற்பவர்கள் போதகர்களுக்குப் பிரசங்கக் குறிப்புகளே அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஒரு மாநகரம் நொறுங்குகிறது, எதிரியின் கழுத்து முறிக்கப்படுகிறது. கெத்செமனேயில் சீடன் ஓங்கிய வாளை உறையில் போடச்சொன்னவரின் படத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்த வீரன் இவன். வெர்ஹோவன் கேலியாகச் சொன்னதை இவர்கள் கேலியின்றிச் சொன்னார்கள் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

‘தி மேட்ரிக்ஸ்’ இரண்டு பக்கமும் நிற்கிறது, ஆகவே அதில் கொஞ்சம் நிற்கவேண்டும். 1999இல் முதல் படம் அமெரிக்காவில் வெளியானது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில். திரித்துவத்தின் பெயரில் ஒரு பெண், சீயோன் என்ற நகரம், நேபுகாத்நேச்சாரின் பெயரில் ஒரு கப்பல், விருந்து மேசையில் காட்டிக்கொடுக்க விலைபேசும் தோழன், செத்து எழும் நாயகன். ஆனால் மறக்கமுடியாத காட்சி என்று எல்லாரும் சொல்வது, நாயகனும் நாயகியும் ஒரு கட்டிடத்தின் முகப்பு மண்டபத்தில் காவலாளிகளைச் சுட்டுச் சாய்ப்பது. படத்தின் தர்க்கப்படி அந்தக் காவலாளிகள், இயந்திரங்களின் தொட்டிகளில் உறங்கும் உண்மை மனிதர்கள். யாரை மீட்க வந்தானோ அவர்களையே கொல்லும் மீட்பர்! முதல் படம் இந்த முரணைப் பார்க்கவே மறுக்கிறது. 2003இல் வந்த மூன்றாம் படம் இவ்வளவு புகழ் பெறவில்லை. அதில் நாயகன் நியோ கண்ணிழந்து, எதிரியாகிய இயந்திரங்களின் நகரத்துக்கே போய், போரை நிறுத்தும் நிபந்தனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, கை விரித்த நிலையில் சாகிறான். இறுதியில் இயந்திரத்தின் வாயிலிருந்து வரும் சொற்கள், யோவான் நற்செய்தியில் சிலுவையில் சொல்லப்பட்டவற்றின் எதிரொலி. சுடுவதும் வெல்வதும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த முடிவு சப்பென்று இருந்தது. நான் வைத்த அளவுகோலின்படி மூன்றில் நேர்மையானது அதுதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கை விரித்தவன் எல்லாம் இயேசுவா, செத்துப் பிழைக்கும் கதை எந்த நாட்டில் இல்லை, ஆற்றில் விடப்பட்ட குழந்தையைப் பார்த்தால் நமக்குக் கர்ணன் நினைவு வருவதில்லையா? வருகிறது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இரு யூத இளைஞர்களுக்கு மோசேயின் நாணற்பெட்டி நினைவு வந்திருக்கலாம். பொதுவான வடிவம் எதுவும் ஒரு சமயத்துக்குப் பட்டா எழுதிக்கொடுக்கப்பட்டதில்லை. ‘ஈ.டி.’ படத்தில் குணமாக்கும் விரலையும் இறப்பையும் எழுச்சியையும் வானேற்றத்தையும் கண்டு பலர் கிறிஸ்தவ உவமை என்றார்கள்; யூதரான ஸ்பீல்பெர்க் அப்படி நினைத்து எடுக்கவில்லை என்று மறுத்தார். அந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் தச்சன், சீயோன், திரித்துவம் என்று படமே பெயர் சொல்லும்போது, இது தற்செயல் என்ற வாதம் நிற்காது. 2014இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் புதுக் கோள்களைத் தேடிப் போன பன்னிருவரின் பயணத்துக்கு இலாசருவின் பெயர். அந்தப் பெயரின் பொருளைப் பாத்திரங்களே விவாதிக்கிறார்கள். பெயரைச் சொல்லி எடுத்தவரிடம் பெயரின் கணக்கைக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு.

பகுத்தறிவாளர் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் வேறு. விஞ்ஞானம் பேசும் படத்தில் இந்தப் பழைய சொற்கள் எதற்கு, சோம்பேறித்தனம்தானே என்பார்கள். பாதி உண்மை. ‘மீட்பர்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டால் பாத்திரத்தை வளர்க்கும் உழைப்பு மிச்சம். ஆனால் கிளார்க்கிடம் இந்த விடை செல்லாது. அவர் நாவலில் வேனவர் மோர்கன் என்ற பொறியியலாளருக்கு மின்தூக்கி கட்ட மலையுச்சி வேண்டும்; அங்கே மகாநாயக்க தேரரின் மடாலயம். அதற்கு முன்பே வேற்றுலகத்து விண்கலம் ஒன்று வந்து கத்தோலிக்க அறிஞர் அக்குவினாசின் இறையியலைத் தர்க்கத்தால் தகர்த்துவிட்டுப் போயிருக்கிறது; ஆக, கிளார்க் தன் கட்சியை ஒளிக்கவில்லை. அப்படியிருந்தும் மலையைத் திறந்துவிடுவது பொறியியல் அல்ல. காளிதாசனின் வீரர்களின் ஆவியாகிய வண்ணத்துப்பூச்சிகள் சிகரத்தை அடைந்தால் துறவிகள் வெளியேறவேண்டும் என்பது பழைய ஐதீகம். முன்னாள் விஞ்ஞானியான ஒரு துறவி, மோர்கனின் சோதனையைக் கெடுக்க வானிலைக் கட்டுப்பாட்டில் கைவைத்துப் புயலைக் கிளப்புகிறார். அந்தக் காற்றுதான் பூச்சிகளை உச்சிக்குத் தூக்குகிறது. வாக்குப்படி துறவிகள் இறங்கிப் போகிறார்கள். தேரருக்கு அந்த ஐதீகம் அலங்காரம் அல்ல. அதற்காகத் தன் இருப்பிடத்தையே அவர் இழக்கிறார். நம்பிக்கை ஒரு விலை கேட்கும் என்பதை நம்பாத கிளார்க் எழுதினார். பிரசங்கக் குறிப்பு அனுப்பியவர்கள் மறந்தார்கள். கோரிக்கையை விடாமல் எடுத்துவருவதற்கு உதாரணம் அருகிலேயே உண்டு. இந்த மாவட்டத்து அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை நாவில் இருந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் இறக்கியதாக மரபு. அன்றைக்கு ஓலை புதிய ஊடகம். ஊடகம் மாறியபோது கதைகளை மட்டும் எழுதிக்கொண்டு துறவியின் கடமைகளைச் சொல்லும் விநயத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. சினிமாவிடம் நான் கேட்பது அந்த அளவுக்கு இல்லை. அந்தத் திசையில் கொஞ்சம்.

பக்தர்களின் ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: புனிதமானதை வேடிக்கைக்கு எடுப்பதே குற்றம். இதற்கு 2006இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தைக் காட்டுவேன். பதினெட்டு ஆண்டுகளாகக் குழந்தையே பிறக்காத உலகம். அகதியான ஒரு கறுப்பினப் பெண் குழந்தை பெறுகிறாள். முற்றுகையிடப்பட்ட கட்டிடத்துக்குள் அழுகுரல் கேட்டதும் சுடுவது நிற்கிறது. போராளிகளும் இராணுவத்தினரும் வழிவிடுகிறார்கள், சிலர் மண்டியிடுகிறார்கள், சிலர் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். அவள் கடந்துபோனதும் மறுபடி வெடிச்சத்தம். பெத்லகேமில் இடம் கிடைக்காத தாயை இதைவிட உண்மையாகக் காட்டிய பக்திப் படங்கள் அதிகம் இல்லை. இரக்கம் ஒரு நிமிடம் வந்துபோன விதத்தையும், அது நிலைக்காத கொடுமையையும் சேர்த்தே சொல்வதால் சின்னம் இங்கே கொச்சைப்படவில்லை.

கடைசியாக ஒன்று. கிறிஸ்தவர் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவாக உள்ள நாட்டில், முத்துமாரியம்மன் தேர் ஓடும் ஊரில், இந்த அளவுகோல் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் படங்களுக்கும் இதுதான் அளவுகோல் என்பதால். 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் கடவுள் உண்டா என்று கேட்டதற்கு, படைத்தவர்தான் கடவுள் என்றால் என்னைப் படைத்த வசீகரன் இருக்கிறாரே என்று சிட்டி என்ற எந்திர மனிதன் பதில் சொல்ல, அரங்கு சிரித்தது. அதைவிடக் கனமான இறையியல் அந்தப் படத்தின் தீவிபத்துக் காட்சியில் இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து தூக்கிவருகிறான், உடையில்லாமல், கமராக்களின் முன்னால். அவமானம் தாங்காமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பது மீட்பு ஆகிவிடாது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிட்டது. 2024இல் வந்த தெலுங்குப் படம் ‘கல்கி 2898 ஏடி’, தமிழிலும் ஓடியது. அதில் பிறக்கப்போகும் அவதாரத்தைச் சுமக்கும் பெண்ணைக் காப்பவன் மகாபாரதத்து அசுவத்தாமன். உத்தரையின் கருவைக் கொல்ல அத்திரம் ஏவிய பாவத்துக்காகச் சாகாவரமே சாபமாகப் பெற்றவன், யுகங்கள் கழிந்து இன்னொரு கருவுக்குக் காவல் நிற்கிறான். பெயரோடு அதன் பழைய கடனும் திரைக்கு வந்திருக்கிறது. அடிதடி மிகுந்த அந்தப் படத்தில் என்னை ஒப்புக்கொள்ள வைத்த பகுதி அது. அவதாரம் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தபின் அவன் கையில் வாள் மட்டும்தான் இருக்குமா என்பதை அடுத்த பாகம் வரும்போது இதே கேள்வியோடு போய்ப் பார்க்கலாம்.